மண்ணுக்கு ஒரு மாதப் பரீட்சை

மண்ணில் சிமிண்டைக் கலந்து, அளவாக நீர் விட்டு இறுக்கி ரோடு போட முடியுமா? முடியும்! அமெரிக்காவில் தென் கரோலினா ராஜ்யத்து ஜான்சன்வில் அருகே 1935-லேயே போட்டார்கள்.

எவ்வளவு சிமிண்டு என்பதுதான் சங்கடம். குறைந்தால் மழையில் கரையும். கூடினால் பணமும் போய், ரோடும் சுருங்கி வெடிக்கும்.

இதற்காகவே ஒரு சோதனை உண்டு. வெவ்வேறு அளவு சிமிண்டு சேர்த்த மண் கட்டிகளை 7 நாள் ஈரத்தில் வைப்பார்கள். பிறகு 5 மணி நேரம் நீரில் முழுக்கு. 42 மணி நேரம் 71 டிகிரி சென்டிகிரேடு சூட்டில் வாட்டல். அப்புறம் இரும்புக் கம்பி பிரஷ்ஷால் தேய்ப்பு! இப்படி 12 தடவை. பாவம், மண்!

மணற்பாங்கான மண் நூற்றுக்கு 14 பங்கு வரை உதிரலாம். களிமண்ணுக்கு 7 பங்குதான். தேறிய கட்டிகளில் எதில் சிமிண்டு குறைவோ, அதுவே ரோட்டுக்குரிய அளவு.

அமுக்கிப் பார்க்கும் பலச் சோதனை சீக்கிரம் முடிந்துவிடும். ஆனால் அதில் தேறிய கட்டியும் பிரஷ்ஷிடம் தோற்பதுண்டு.