கடைக்கு உதவும் பட்டப்படிப்பு

தெரணியகலையில் மழைக்குக் குறைவில்லை. ஈரம் காயாத மிளகையும் சாதிக்காயையும் மூடை கட்டினால் பூஞ்சணம் பிடிக்கும் என்பது வியாபாரிகள் அறிந்ததே. சில பூஞ்சணங்கள் அஃப்ளடொக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். அது ஈரலைக் கெடுக்கும். சரக்கை மறுபடி காயவைத்தாலும் போகாது, சமையல் சூட்டிலும் முழுதாக அழியாது. ஏற்றுமதிச் சரக்கு திரும்பி வர இதுவும் ஒரு காரணம்.

இவற்றை முறையாகக் கற்பிப்பது உணவு விஞ்ஞானம். வயம்ப பல்கலைக்கழகத்தின் மாக்கந்துரை வளாகத்தில் உணவு விஞ்ஞானமும் போசாக்கும் என்ற பட்டப்படிப்பு உண்டு. நமது மாகாணத்திலேயே, பெலிஹுல்ஓயாவிலுள்ள சப்ரகமுவ பல்கலைக்கழகத்தில் உணவு விஞ்ஞானமும் தொழில்நுட்பமும் படிக்கலாம். உயர்தரத்தில் உயிரியல் பிரிவு எடுத்தவர்களுக்கு இவை பொருந்தும்.

மருத்துவத்துக்கு வெட்டுப்புள்ளி போதவில்லை என்று பிள்ளையைக் கடையில் நிறுத்திவிடாதீர்கள். சரக்கின் ஈரத்தை அளக்கவும், காலாவதித் திகதியைக் கணிக்கவும் தெரிந்தவர், மகனோ மகளோ, மூடை நட்டப்படுமுன் காப்பாற்றுவார்.