டிராயர் மூலையில் கிடக்கும் வாட்ச் செல்

குழந்தை தவழ ஆரம்பித்ததும் மாத்திரை அட்டை, பினாயில், கொசு மருந்து எல்லாம் பரண் ஏறிவிடும். பொட்டு மாதிரி இருக்கிற வாட்ச் செல்லை மட்டும் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. தீர்ந்துபோன செல்லைக்கூட "எதுக்காவது ஆகும்" என்று ஷோகேஸ் ஓரத்தில் வைக்கிற வழக்கம் நம் வீடுகளில் அநேகம்.

முன்பெல்லாம் இந்தச் செல் கைக்கடிகாரத்தோடு சரி. இப்போது எண்ணிப் பார்த்தால், எங்கள் இரண்டு ரூம் வீட்டிலேயே ஏழு இடத்தில் இருக்கிறது. வீட்டுக்காரரின் கடிகாரம், தெர்மாமீட்டர், கால்குலேட்டர், சமையலறைத் தராசு, கொலுவுக்கு வாங்கிய எலக்ட்ரிக் அகல், பாட்டுப் பாடும் பிறந்தநாள் கார்டு, டி.வி. பின்னால் ஒட்டும் கலர் லைட்டின் ரிமோட். அந்த ரிமோட்தான் மோசம். அட்டை போல மெலிசு. ஓரத்தில் குட்டி டிராயர். நகத்தால் இழுத்தால் செல்லோடு வந்துவிடும்.

"உள்ளே இருக்கிற ஆசிட் கசிஞ்சாதானே ஆபத்து?" என்று பலர் கேட்கிறார்கள். கசியவே வேண்டாம். உணவுக்குழாயில் சிக்கினால், எச்சில் ஈரத்தில் செல்லின் இரண்டு பக்கமும் சேர்ந்து மின்சாரம் ஓட ஆரம்பிக்கிறது. மைனஸ் பக்கத்தில் காஸ்டிக் சோடா போன்ற காரம் உண்டாகி சதையை அரிக்கிறது. இரண்டு மணி நேரம் போதும், பெரிய புண் ஆகிவிடும். செல்லை எடுத்த பிறகும் புண் ஆழமாகிக்கொண்டே போகலாம். ரிமோட்டை இயக்க முடியாத 'செத்த' செல்லுக்கும் இந்த வேலைக்கு வேண்டிய சக்தி இருக்கும்.

செல்லின் மேலே சிஆர் 2032 என்று போட்டிருந்தால் 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் கனம் என்று அர்த்தம். ஏறக்குறைய ஒரு ரூபாய் காசு அளவு. சின்னக் குழந்தையின் தொண்டைக்குக் கீழே சரியாக மாட்டிக்கொள்கிற அளவும் அதுதான். அதைவிடச் சிறியதை மூக்கிலோ காதிலோ திணித்துக்கொள்வார்கள். அப்போது சொட்டு மருந்து விடவே கூடாது, ஈரம் பட்டால் இன்னும் சீக்கிரம் அரிக்கும்.

போன ஆடியில் எங்கள் தெருவில் இரண்டரை வயசுப் பையன் திடீரென்று எச்சில் வடிய அழுதான். "காசு முழுங்கியிருப்பான், வாழைப்பழம் குடு, தானா வந்துடும்" என்றார் பாட்டி. பையனின் அம்மா மட்டும் ரிமோட் டிராயர் காலியாகக் கிடந்ததைப் பார்த்துவிட்டாள். பழத்தைத் தள்ளிவிட்டு ஆட்டோ பிடித்தாள். எங்கள் ஊரிலிருந்து பட்டணம் போகிற ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் நின்றால் என்ன ஆகும் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாற்பது நிமிஷம் அங்கேயே போயிற்று. நல்லவேளை, உள்ளே நுழைந்ததும் "செல்லா இருக்கும் டாக்டர்" என்று சொன்னதால் உடனே எக்ஸ்ரே எடுத்தார்கள். காசு என்றால் ஒரு வட்டம் தெரியுமாம். செல் என்றால் ஓரத்தில் இரட்டை வட்டம். குழாய் விட்டு எடுத்தார்கள். ஒன்பது நாள் மூக்கு வழியாகத்தான் பால்.

அவள் பார்த்திராவிட்டால்? வெறும் சளி இருமல் என்று டானிக் வாங்கிக் கொடுத்திருப்போம். அமெரிக்காவில் ரீஸ் என்ற ஒன்றரை வயதுக் குழந்தைக்கு அப்படித்தான் முதலில் வேறு நோய் என்று நினைத்தார்கள். ரிமோட் செல்லை விழுங்கிய அந்தக் குழந்தை 2020 டிசம்பரில் இறந்தது. அம்மா விடாமல் போராடியதில் 2022 ஆகஸ்டில் 'ரீஸ் சட்டம்' வந்தது. செல் மூடியைக் குழந்தை எளிதில் திறக்க முடியாதபடி செய்ய வேண்டும் என்கிறது அது. ஆஸ்திரேலியாவிலும் அதே ஆண்டு ஜூனில் கட்டாயமாக்கினார்கள். நம் நாட்டில் 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். ஆனால் ரிமோட்டும் தராசும் பொம்மை இல்லையே!

செல்லையே மாற்றவும் முயற்சி நடந்திருக்கிறது. 2014ல் பாஸ்டன் ஆய்வாளர்கள், அழுத்தினால் மட்டும் மின்சாரம் கடத்துகிற பூச்சு ஒன்றைச் செல்லுக்குப் பூசிக் காட்டினார்கள். கருவிக்குள் ஸ்பிரிங் அழுத்தும், வேலை செய்யும். தொண்டையில் அந்த அழுத்தம் இல்லாததால் சும்மா கிடக்கும். கேட்கவே நன்றாயிருக்கிறது, நான் கடையில் கண்டதில்லை. டியூராசெல் கசப்புப் பூச்சோடு விற்கிறது. வாயில் போட்ட வேகத்தில் விழுங்குகிற பிள்ளைக்குக் கசப்பு தெரிவதற்குள் காரியம் முடிந்துவிடும் என்பது என் எண்ணம்.

சந்தேகம் வந்தாலே 108ஐக் கூப்பிடுங்கள், அல்லது கிடைத்த வண்டியில் கிளம்புங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். சோறு, தண்ணீர் வேண்டாம். தேன் மட்டும் கொடுக்கலாம். அது செல்லைச் சுற்றிப் படிந்து அரிப்பைக் குறைக்கிறது என்று 2018ல் பிலடெல்பியா குழந்தைகள் மருத்துவமனை ஆய்வில் தெரிந்தது. ஒரு வயது தாண்டிய குழந்தைக்கு, போகிற வழியிலேயே, பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை இரண்டு டீஸ்பூன், ஆறு தடவைக்கு மேல் வேண்டாம். தேன் பாட்டிலைத் தேடிக்கொண்டு நேரத்தைக் கடத்தாதீர்கள். ஒரு வயசுக்குள் இருந்தால் தேன் கூடவே கூடாது.

எங்கள் வீட்டு ரிமோட் டிராயருக்கு மேல் இன்சுலேஷன் டேப்பை மூன்று சுற்று சுற்றிவிட்டேன். பழைய செல்லின் இரண்டு பக்கமும் டேப் ஒட்டி, பூட்டுகிற பெட்டியில் போடுகிறேன். மார்க்கெட் ஃபேன்சி கடையில் "மூடிக்கு ஸ்க்ரூ வச்ச ரிமோட் இருக்கா அண்ணே?" என்று கேட்டதற்கு, "இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லையேம்மா" என்றார். போன வாரம் நாங்கள் நாலு பேர் சேர்ந்து போய்க் கேட்டோம். அடுத்த லோடில் பார்க்கிறேன் என்றிருக்கிறார்.

– ஒரு வாசகி, மணலி புதுநகர்.