சிவப்பு எம்ஜிபிக்குக் காத்துக் கருப்பு!

தலையைக் குனிஞ்சுக்கிட்டு வாங்க! லிஃப்டில் ஏறி நிற்கும் பச்சை வண்டியின் சைலன்சர் சரியாக நம் நெற்றி உயரத்தில் தொங்குகிறது. இது இங்கிலாந்தின் ஆபிங்டன். எம்ஜி கார் தொழிற்சாலை 1980-ல் மூடப்படும்வரை இயங்கிய ஊர். 1962-லிருந்து ஐந்து லட்சத்துக்கும் மேல் எம்ஜிபி கார்களைப் பெற்றுப்போட்ட ஊர். இங்கே ஒரு பழைய கார் பட்டறையின் பின்கட்டுக்குள் நுழைந்துவிட்டோம்! முன்பக்கம் பளபளக்கும் ஷோரூம். இங்கேயோ பிஸ்கட் டப்பாவில் நட்டு, நட்டு டப்பாவில் பிஸ்கட்.

அதோ, மூலையில் 1967 மாடல் சிவப்பு எம்ஜிபி. முன்பக்க பிரேக்கின் காலிப்பர், பேடு, ஹோஸ் எல்லாவற்றையும் உரிமையாளர் தன் வீட்டிலேயே புதிதாக மாட்டியிருக்கிறார். எல்லாம் புதுசு, பிரேக் மட்டும் பிடிக்கவில்லை.

தலைமை மெக்கானிக் பெரியவர் சீட்டில் ஏறி, ரேடியோவை அணைக்கச் சொல்லிவிட்டுப் பெடலை மிதிக்கிறார். சர்ரென்று கீழே போகிறது. விட்டு விட்டு மூன்று மிதி. கொஞ்சம் மேலேறுகிறது. “மெத்துமெத்துங்குது. உள்ளே காத்து இருக்கு. பின்னாடி டிரம்மும் தளர்ந்திருக்கு.” வண்டியைத் தொட்டு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை!

இப்போது காதைப் பொத்திக்கொள்ளுங்கள். கம்பிச் சக்கரத்தின் நடுவிலுள்ள இறக்கை நட்டைத் தாமிரச் சுத்தியலால் அடித்துத்தான் கழற்ற வேண்டும். ணங்! ணங்! சக்கரம் வந்ததும், தொழில் பழக வந்திருக்கும் பெண் டார்ச் அடிக்கிறாள். அடுத்த நொடி வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். காற்றை வெளியேற்றும் நிப்பிள் காலிப்பரின் மேலே இருக்க வேண்டும். இதிலோ கீழே இருக்கிறது. இடதை வலதிலும் வலதை இடதிலும் மாட்டிவிட்டார் மனிதர்! காற்று மேலே தேங்கும், வழியோ கீழே. எத்தனை பாட்டில் பிரேக் ஆயில் ஊற்றினாலும் அந்தக் குமிழி அசையாது. உரிமையாளரின் காது வண்டி நிறத்துக்கு வந்துவிட்டது. “கவலைப்படாதீங்க, இப்படி மாட்டுறதுல நீங்க முதல் ஆள் இல்லை” என்று பெரியவர் ஒரு பிஸ்கட்டை நீட்டுகிறார், நட்டு டப்பாவிலிருந்து.

காலிப்பர்கள் இடம் மாறின. பிறகு பின் டிரம். அதன் பின்தகட்டில் சதுரத் தலையோடு ஒரு சின்ன அட்ஜஸ்டர். துருவேறி இறுகிக் கிடக்கிறது. வண்டிக்கடியில் படுத்திருக்கும் பெரியவரின் காலணிகள் மட்டும்தான் நமக்குத் தெரிகின்றன. கேட்கும் வார்த்தைகளோ அச்சில் ஏறாது! கடைசியில் க்ரீச்சென்று நகர்கிறது. சக்கரம் நிற்கும்வரை முறுக்கி, தடையில்லாமல் சுற்றும் அளவுக்குத் தளர்த்த வேண்டும். அவ்வளவே. இதை விட்டுவிட்டுத்தான் பலபேர் மாஸ்டர் சிலிண்டரை மாற்றிக் காசைக் கரைக்கிறார்களாம்.

அடுத்தது காற்றை வெளியேற்றும் வேலை. இதுதான் எனக்குப் பிடித்த காட்சி. அந்தப் பெண் சீட்டில், பெரியவர் கண்ணாடி ஜாடியோடு கீழே. “மிதி… பிடி… விடு!” உள்ளிருப்பது தெரியும் டியூபில் குமிழிகள் முத்துமுத்தாக ஓடி வருகின்றன. பெயின்டில் ஒரு சொட்டு ஆயில் பட்டாலும் தோலுரித்துவிடும் என்பதால் உரிமையாளர் கையில் ஈரத்துணி, காவல் பணி. ஜாடிக்குப் பக்கத்திலேயே, கிட்டத்தட்ட அதே நிறத்தில், பெரியவரின் தேநீர்க் கோப்பை. எனக்குத்தான் வயிற்றைக் கலக்குகிறது!

சோதனை ஓட்டத்தில் பக்கத்து சீட் எனக்கு! வேகம் எடுப்பது, மெல்லப் பிடிப்பது, ஆறவிடுவது. இதையே திரும்பத் திரும்பச் செய்து புதுப் பேடைப் பழக்குகிறார்கள். சூடான வாசனை குப்பென்று ஏறுகிறது. பிறகு பெரியவர் ஓங்கி ஒரு மிதி மிதிக்க, பெல்ட் என் மூச்சைப் பிடிக்கிறது. ஆகா, நின்றது!

உரிமையாளருக்கு மட்டும் இன்னும் திருப்தியில்லை. தினமும் ஓட்டும் புதுக் காரில் கால்விரல் பட்டாலே நிற்கிறதாம். இந்த வண்டியில் காலுக்குக் கைகொடுக்க சர்வோ கிடையாது, மிதிக்கத்தான் வேண்டும். “இதுக்கு என்ன பாகம் மாத்தணும்?” என்கிறார்.

பெரியவர் அவர் காலைப் பார்க்கிறார். “அது எங்க கடையில கிடைக்காது சார்.”