கருகும் தோலும் உறையும் ரத்தமும்

பாதிக் கணக்கு

கால்சிஃபிலாக்சிஸ் அரிய நோய். பெரும்பாலும் டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு வருகிறது. வயிறு, தொடை எனக் கொழுப்பு மிகுந்த இடங்களில், தோலுக்கடியில் ஓடும் நுண்தமனிகளின் சுவரில் கால்சியம் படிகிறது. தோலில் ஊதா நிற வலைபோலத் தடம் தெரியும். தொட்டாலே தாங்க முடியாத வலி. பிறகு கருத்த புண். ஏறக்குறையப் பாதிப்பேர் ஓராண்டுக்குள் இறந்துவிடுகிறார்கள், பெரும்பாலும் புண் வழியாகப் புகும் கிருமியால். இந்நோயைக் கால்சியம், பாஸ்பரஸ் அளவுகளின் கோளாறாக மட்டும் பார்ப்பது வழக்கம். ஆனால் டயாலிசிஸ் நோயாளிகளில் ரத்தக்குழாயில் கால்சியம் படிந்தவர்கள் ஏராளம். தோல் அழுகுவதோ மிகச் சிலருக்குத்தான். திசுவை எடுத்துச் சோதித்தால், குறுகிய அந்தக் குழாய்களுக்குள் ரத்தம் உறைந்து அடைத்திருப்பது பலரிடம் தெரிகிறது. கால்சியம் பாதையைக் குறுக்குகிறது, ரத்தக்கட்டி அதை மூடுகிறது. ஆகவே, உறைதல் கோளாறையும் சேர்த்துத் தேடாத மருத்துவம் அரைகுறைதான்.

வார்ஃபரின் மேல் சந்தேகம்

புரதம் சி, புரதம் எஸ் ஆகியவற்றின் குறைபாடும், ஆன்டிபாஸ்போலிப்பிட் எதிர்ப்பொருள்களும் ரத்தத்தை எளிதில் உறைய வைப்பவை. இந்நோயாளிகள் சிலரிடம் இவை காணப்படுகின்றன. வேடிக்கை என்னவென்றால், உறைதலைத் தடுக்கத் தரும் வார்ஃபரினும் குற்றவாளிப் பட்டியலில் இருக்கிறது. அது வைட்டமின் கே-யின் வேலையைத் தடுக்கிறது. ரத்தக்குழாயில் கால்சியம் படியாமல் காக்கும் எம்ஜிபி என்ற புரதம் செயல்படவும் அதே வைட்டமின் தேவை. அந்தப் புரதமே இல்லாமல் உருவாக்கப்பட்ட எலிகள் தமனிகள் சுண்ணாம்பாகி இரண்டே மாதத்துக்குள் இறந்ததை 1997இல் வெளியான ஆய்வு காட்டியது. வார்ஃபரின் சாப்பிடும் லட்சக்கணக்கானோருக்கு ஒன்றும் ஆவதில்லையே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மருந்து தனியாக இதைச் செய்வதில்லை. ஆயினும் சிறுநீரகம் நன்றாக இருந்தும் இந்நோய் வந்தவர்களில் வார்ஃபரின் எடுத்தவர்கள் உண்டு என்பதை ஒதுக்கிவிட முடியாது. புரதக் குறைபாடு பற்றிய இன்னொரு ஆட்சேபம் இதைவிட வலுவானது: வார்ஃபரினே புரதம் சி, எஸ் அளவைக் குறைத்துவிடும், கடும் அழற்சியும் குறைக்கும். அதனால் மருந்து எடுக்கும்போது செய்த ஒரே சோதனையை வைத்துப் பிறவிக் குறைபாடு என்று முத்திரை குத்தக் கூடாது.

நிறுத்திவிடலாமா?

வார்ஃபரினை எல்லாருக்கும் நிறுத்த முடியாது. செயற்கை உலோக வால்வு பொருத்தியவர்களுக்கு வார்ஃபரினுக்குப் பதிலாக டாபிகட்ரான் கொடுத்துப் பார்த்த சோதனை, ரத்தக்கட்டியும் ரத்தக்கசிவும் கூடியதால் பாதியில் நின்றது. இதயத் துடிப்பு ஒழுங்கின்மைக்காக எடுப்பவர்களில் பலருக்கு அபிக்சபான் போன்ற மாற்று உண்டு. முடிவு ஆளுக்கு ஆள் மாறும். அதைச் சிறுநீரக மருத்துவரும் இதய மருத்துவரும் சேர்ந்தே எடுக்க வேண்டும். டயாலிசிஸ் செய்பவருக்குத் தோலில் காரணமில்லாத கடும் வலியோ ஊதாத் தடமோ தெரிந்தால், புண்ணாகும்வரை காத்திராமல் அடுத்த டயாலிசிஸுக்கு முன்பே மருத்துவரிடம் காட்டுங்கள். எடுக்கும் எல்லா மாத்திரைகளின் பெயரையும் சொல்லுங்கள். வார்ஃபரினை நீங்களாக நிறுத்தாதீர்கள்.