அச்சை விடாத அலுமினிய மூடி

சேர்வராயன் மலை, கொல்லிமலை பாக்சைட்டிலிருந்து 1965 முதல் மேட்டூரில் அலுமினியம் எடுத்தார்கள். 1981-ல் சேலம் உருக்காலை எஃகு உருட்டத் தொடங்கியது. அன்றைக்கு எல்லாமே சேலம் மாவட்டம்தான். கொல்லிமலை இருக்கும் நாமக்கல் தனி மாவட்டமாகப் பிரிந்தது 1997-ல். ஒரே ஊர்க்காரர்கள் என்றாலும், கியர் சைக்கிளின் ஹப்பில் இந்த இரண்டு உலோகங்களும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தால் வம்புதான்.

ஏன்? எஃகு அச்சின் முனையில் அலுமினிய மூடி இறுக்கமாக உட்கார்ந்திருக்கும். போர்வெல்லின் உப்புத் தண்ணீரில் சைக்கிளைக் கழுவும்போது இடுக்கில் ஒரு துளி தங்கினால், அங்கே ஒரு குட்டி மின்கலம் உருவாகிவிடும். அதில் அரிபடுவது அலுமினியம். அரிப்பில் உண்டாகும் வெள்ளைப் பொடி, கரைந்த உலோகத்தைவிட அதிக இடம் கேட்கும். இடுக்கிலோ இடமில்லை, மூடி இறுகிவிடும்.

எப்படிக் கழற்றுவது? முதலில் மரை இருக்கிறதா என்று பாருங்கள். மரை மூடி இழுத்தால் வராது, திருக வேண்டும். மரை இல்லையென்றால், துரு இளக்கும் எண்ணெயை விட்டு ஓர் இரவு விட்டுவிடுங்கள். பிறகு ஹேர் டிரையரால் சூடு காட்டுங்கள். சூட்டில் அலுமினியம் எஃகைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். 15 மி.மீ. விட்டத்தில் 60 டிகிரி கூடினால் வித்தியாசம் சுமார் 0.01 மி.மீ. அற்பம்தான், ஆனாலும் பிடி தளரப் பல சமயம் அது போதும். மூடி அச்சுக்குள் நுழையும் வகையென்றால் சூடு வேண்டாம், இன்னும் இறுகும். தீ எதற்குமே வேண்டாம், ரப்பர் சீல் கருகிவிடும்.

வைஸில் மரத்துண்டுகளுக்கு நடுவே மூடியைப் பிடித்து, சக்கரத்தை ஆட்டி ஆட்டி மேலே இழுங்கள். திரும்ப மாட்டும்போது மெல்லிசாக கிரீஸ் தடவினால் தண்ணீர் புகாது.