வலி மாத்திரை: தெரிந்து விழுங்குவோம்!



ஒர்க்‌ஷாப் முடிந்து வெளியே வரும் நம் கூட்டத்தைக் கொஞ்சம் நின்று கவனியுங்கள். காலையிலிருந்து அரம் பிடித்துத் தேய்த்தவனுக்குத் தோள்பட்டை வலி. ஸ்மித்தியில் சம்மட்டி அடித்தவனுக்கு முதுகு வலி. டிராயிங் போர்டு மேல் மூன்று மணி நேரம் குனிந்திருந்தவளுக்குக் கழுத்து வலி. எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். "அண்ணே, வலிக்கு ஒரு மாத்திரை குடுங்க!" கடைக்கார அண்ணனும் பட்டையிலிருந்து இரண்டைக் கத்தரித்துக் கையில் கொடுத்துவிடுவார். பெயர் அச்சடித்த பாதி பெரும்பாலும் கடையிலேயே தங்கிவிடும்.

ஒரு லேத்தைத் தொடுவதற்கு முன் அது வேலை செய்யும் விதத்தைப் படிக்கிறோம். உடம்புக்குள் போகும் மாத்திரையைப் பற்றி மட்டும் ஏன் கேட்பதில்லை? டி.பார்ம் படிக்கும் என் நண்பனை நச்சரித்துத் தெரிந்துகொண்டதை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

மாத்திரை என்ன செய்கிறது?

அடிபட்ட இடம் வீங்கும், சிவக்கும், சுடும், வலிக்கும். அங்கே சுரக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருட்களுக்கு இதில் பெரும் பங்கு உண்டு. அவற்றைத் தயாரிக்கும் நொதியின் பெயர் சுருக்கமாக 'காக்ஸ்'. ஆஸ்பிரின், இபுபுரூஃபென், டைக்ளோஃபினாக் போன்றவை இந்த நொதியைத் தடுக்கின்றன. வீக்கமும் வலியும் குறைகின்றன.

ஜெர்மனியின் பேயர் கம்பெனியில் ஆஸ்பிரின் உருவானது 1897ல். அது எப்படி வேலை செய்கிறது என்பதை இங்கிலாந்தின் ஜான் வேன் கண்டு சொன்னதோ 1971ல்! இடையில் 74 ஆண்டுகள் உலகம் விவரம் தெரியாமலே விழுங்கியிருக்கிறது. இந்தத் துறை ஆராய்ச்சிக்காக 1982ல் அவருக்கும் வேறு இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

சிக்கல் எங்கே?

இதே புரோஸ்டாகிளாண்டின்தான் இரைப்பையின் உட்சுவரை அமிலம் அரிக்காமல் காக்கிறது. சிறுநீரகத்துக்குப் போதிய ரத்தம் போகவும் உதவுகிறது. பக்கத்து அறை ஸ்பீக்கர் சத்தம் பொறுக்காமல் மெயின் ஸ்விட்சை அணைத்தால் ஸ்பீக்கர் மட்டுமா நிற்கும்? ஹாஸ்டல் முழுக்க அல்லவா இருட்டாகும்! அந்தக் கதைதான் இங்கேயும்.

"சாப்பிட்டுட்டுப் போட்டா ஒண்ணும் ஆகாது" என்பார்கள். சாப்பாட்டுக்குப் பின் போட்டால் வயிற்று எரிச்சல் குறையும், உண்மைதான். ஆனால் மருந்து ரத்தத்தில் கலந்தும் இரைப்பையின் காவலைக் குறைக்கிறது. அதனால் ஊசியாகப் போட்டாலும் புண் வரலாம்.

எனக்குத் தெரிந்த சீனியர் ஒருவர் பைக்கில் விழுந்து முழங்காலில் அடிபட்டார். ஒரு கடையில் ஒரு மாத்திரை, வலி நிற்காததால் இன்னொரு கடையில் வேறொன்று. இரண்டையும் பத்து நாள் சேர்த்தே போட்டார். பெயர் வேறு, நிறம் வேறு. உள்ளே இருந்தது இரண்டிலும் டைக்ளோஃபினாக்! மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனது. சாப்பாட்டுக் கோளாறு என்று விட்டுவிட்டார். ஒருநாள் பாத்ரூமில் மயங்கி விழுந்தார். இரைப்பைப் புண்ணிலிருந்து ரத்தக் கசிவு. இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள்; அந்த செமஸ்டர் பரீட்சையும் போனது. இத்தனைக்கும் அவருக்கு வயிறு வலிக்கவே இல்லை! இந்த மாத்திரைகளால் வரும் புண் பல நேரம் வலி காட்டாது.

கழுகு சொல்லும் பாடம்

நம் நாட்டில் பிணந்தின்னிக் கழுகுகள் கூட்டம் கூட்டமாய் மடிந்தன. காரணம் என்ன என்பது 2004ல் வெளியான ஆய்வில் தெரிந்தது. மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபினாக், இறந்த மாட்டைத் தின்ற கழுகின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்திருக்கிறது. 2006ல் கால்நடைகளுக்கு இம்மருந்தைத் தயாரிக்க இந்திய அரசு தடை விதித்தது. நீலகிரியின் மாயாறு பள்ளத்தாக்கில் இன்று எஞ்சியுள்ள கழுகுகளைக் கண்போலக் காக்கிறார்கள். மனிதன் கழுகு அளவுக்குப் பலவீனமானவன் இல்லை. ஆனாலும் ஃபவுண்டரி சூட்டில் வியர்த்துக் கொட்டி, உடம்பில் நீர் வற்றிய நேரத்தில் இந்த மாத்திரையைப் போட்டால் நம் சிறுநீரகமும் தடுமாறும்.

காய்ச்சலுக்கு வேண்டவே வேண்டாம்

மழைக்காலக் காய்ச்சல் டெங்குவாக இருக்கலாம். டெங்குவில் ரத்தத் தட்டணுக்கள் குறையும். அந்த நேரத்தில் ஆஸ்பிரின், இபுபுரூஃபென், டைக்ளோஃபினாக் எதைப் போட்டாலும் ரத்தக் கசிவு ஆபத்து கூடும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும்; அதுவும் அளவோடு. பாராசிட்டமால் இந்த வகையைச் சேர்ந்ததல்ல. அளவு மீறினால் அது கல்லீரலைக் கெடுக்கும்.

நினைவில் வைக்க வேண்டியவை

1. பட்டையின் பின்பக்கம் மருந்தின் உண்மைப் பெயரைப் படியுங்கள். புரூஃபென் என்றால் இபுபுரூஃபென். வோவரான் என்றால் டைக்ளோஃபினாக். காம்பிஃப்ளாமில் இபுபுரூஃபெனும் பாராசிட்டமாலும் சேர்ந்திருக்கின்றன. ஒரே வகையில் இரண்டை ஒன்றாகப் போடக் கூடாது.

2. சிவப்புக் கோடு போட்ட பட்டை, டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாத மருந்து.

3. குறைந்த அளவு, குறைந்த நாள். டாக்டர் சொல்லாமல் இபுபுரூஃபென் ஒரு நாளைக்கு மொத்தம் 1200 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. மூன்று நாளில் வலி நிற்காவிட்டால் தேவை டாக்டர். இன்னொரு மாத்திரை இல்லை.

4. சாப்பிட்டபின், நிறையத் தண்ணீரோடு. மது குடித்துவிட்டு ஒருபோதும் கூடாது.

5. ஆஸ்துமா, அல்சர், சிறுநீரகக் கோளாறு, இதய நோய் உள்ளவர்களும், பிரஷர் மாத்திரையோ ரத்தம் உறையாமல் இருக்க மருந்தோ சாப்பிடுகிறவர்களும், கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது.

6. நம் மாத்திரையைத் தம்பி தங்கைக்குக் கொடுக்காதீர்கள். நிமிசுலைடு என்ற வலி மாத்திரையை 12 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கொடுக்க 2011லேயே நம் நாட்டில் தடை வந்துவிட்டது.

7. கறுப்பு மலம், ரத்த வாந்தி, மூச்சுத் திணறல், முகவீக்கம், சிறுநீர் குறைதல் இவற்றில் எது வந்தாலும் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரி.

சாதாரணச் சுளுக்குக்கு முதலில் ஐஸ் ஒத்தடமும் ஓய்வும் போதும். தோல் கிழியாத இடத்தில் வலி ஜெல் தடவலாம். அதிலிருந்து ரத்தத்தில் சேரும் மருந்து மிகக் குறைவு.

நண்பர்களே, எச்சரிக்கை பலகைகள் நம் ஒர்க்‌ஷாப் சுவரில் நிறைய உண்டு. மாத்திரைப் பட்டையிலும் உண்டு. பொடி எழுத்தில், அதுவும் இங்கிலீஷில்! நம்மில் பலர் வீட்டில் அதை எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர் நாம்தான். முழங்கால் வலிக்காக அம்மாவும் பாட்டியும் மாதக்கணக்கில் என்ன விழுங்குகிறார்கள் என்று இந்த லீவில் ஊருக்குப் போனதும் பாருங்கள். பட்டையை வாங்கிப் படியுங்கள். சந்தேகம் இருந்தால் அந்தப் பட்டையோடு அவர்களை அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். நாம் படித்த படிப்புக்கு அதுவும் ஒரு பயன்தானே!