நொதிய நிரோதிகளும் சமூகத் தேவையும்

மனிதத் தோலிலும் மூக்கினுள்ளும் வாழும் ஸ்ரபிலோகொக்கஸ் ஓரியஸ் என்னும் பற்றீரியா பெரும்பாலும் தீங்கின்றியே வாழ்கின்றது. தோல் காயமுறும்போது அதுவே சீழ்க்கட்டியை உண்டாக்குகின்றது. குருதியிற் கலப்பின் உயிரையும் பறிக்கக்கூடும். இதனை அடக்க முயன்ற நொதிய நிரோதிகளின் வரலாற்றை நோக்கின், விஞ்ஞானம் சமூகத்துக்குப் புறம்பாக வளர்வதன்று என்பதை நாம் உணரலாம்.

பெனிசிலினை அழிக்கும் நொதியமொன்று பற்றீரியாக்களில் உண்டென ஏபிரகாமும் செயினும் 1940இலேயே அறிவித்தனர். மருந்து பரவலான பாவனைக்கு வருமுன்னரே அதன் எதிரி இனங்காணப்பட்டுவிட்டது. லண்டன் வைத்தியசாலையொன்றிற் பெறப்பட்ட இப்பற்றீரியா வகைகளுட் பாதிக்கு மேற்பட்டவை பெனிசிலினுக்குப் பணியவில்லை என மேரி பாபர் 1948இல் எடுத்துக்காட்டினார். பணிந்தவை மடிய, நொதியமுடையவை பெருகின. மருந்தே தன் மறுப்பை வளர்த்த இம்முரண்பாடு இயங்கியல் பயின்றோர்க்குப் புதியதன்று.

பிரித்தானியாவின் பீச்சம் கம்பனி ஆய்வாளர் 1970களில், மண்வாழ் பற்றீரியா ஒன்றிலிருந்து கிளவுலானிக் அமிலத்தைப் பெற்றனர். தன்னளவில் அது வலுக்குன்றிய கொல்லியே. ஆயின் அமைப்பிற் பெனிசிலினை ஒத்திருப்பதால் நொதியம் அதனைப் பற்றி உடைக்கின்றது. உடைந்த கூறு நொதியத்துடன் பிணைந்து அதனைச் செயலிழக்கச் செய்கின்றது. உடன் வழங்கப்படும் அமொக்சிசிலின் இதனால் அழிவினின்று தப்புகின்றது. இக்கூட்டு மருந்து 1981இற் பிரித்தானியச் சந்தைக்கு வந்தது.

எனினும் கிளவுலானிக் அமிலம் ஈரலிப்பில் விரைந்து சிதைவது. குழந்தைகளுக்கான மருந்துத் தூளை நீரிற் கலந்தபின் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து 7 நாட்களுள் முடித்தல் வேண்டும். அப்பெட்டியற்ற தொழிலாளியின் வீட்டில் இதன் உறுதிநிலை யாது? உறுதிநிலை மூலக்கூறின் இயல்பு மட்டுமன்று. அம்மருந்து சென்றடையும் வாழ்க்கை நிலைமைகளையும் பொறுத்ததாகும்.

இலக்கும் இவ்வாறே. மெதிசிலினை எதிர்க்கும் வகைகள் 1961இல் அறிவிக்கப்பட்டன. மருந்து எளிதிற் பற்றமுடியாத மாற்றுப் புரதமொன்றை அவை கொண்டிருப்பதால், அமொக்சிசிலினைக் காக்கும் இந்நிரோதியால் அங்குப் பயனில்லை. இப்பற்றீரியாவின் மேற்பரப்புப் புரதங்களைக் கலச்சுவரிற் பொருத்தும் சோர்ட்டேஸ் என்னும் நொதியம் 1999இல் இனங்காணப்பட்டது. அதனைத் தடுப்பின், பற்றீரியாவைக் கொல்லாமலே அதன் நோயாக்கும் வலுவைக் குறைக்கலாம்; தோலின் ஏனைய நுண்ணங்கிகளும் தப்பலாம் என ஆய்வாளர் கருதுகின்றனர். ஆய்வுகூடங்களிற் பல நிரோதிகள் தோன்றியும் அவை இன்னும் நோயாளரைச் சென்றடையவில்லை.

இரசாயனச் சிக்கல்கள் இதற்கு ஒரு காரணம். சந்தை மற்றொன்று. சில நாட்கள் பாவித்து நிறுத்தும் மருந்து, வாழ்நாள் முழுவதும் உட்கொள்ளும் மருந்தளவு இலாபந் தருவதில்லை. வேறொரு தொற்றுக்கான புதிய நுண்ணுயிர்கொல்லிக்கு 2018இல் அனுமதி பெற்ற அமெரிக்கக் கம்பனியொன்று 2019இல் வங்குரோத்தடைந்தது. மருந்தின் பயன்பெறுமதி உயர்ந்திருந்தும் பரிவர்த்தனைப் பெறுமதி தாழ்ந்தமையே அதன் வீழ்ச்சியிற் புலப்படுகின்றது. எந்த நொதியம் தடுக்கப்படவேண்டும் என்பதை ஆய்வாளன் அறிவான். எந்த ஆய்வு தொடரவேண்டும் என்பதை மூலதனம் தீர்மானிக்கும்வரை அவ்வறிவு பாதிவழியிலேயே நிற்கும்.